மூணு துண்டும் வேணும்

எங்கள் கம்பெனி ஸ்டோரில் ஓர் ஆணி வேண்டுமென்றாலும் பழைய ஆணியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். வளைந்ததோ, தலை போனதோ, ஏதோ ஒன்று. "பழசு எங்கண்ணே?" என்று ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா கம்பிவலைக்குப் பின்னாலிருந்து கேட்பார். கொடுத்தால் புதுசு வரும். கொடுக்காவிட்டால் குனிந்து தன் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். குரல் உயராது, முகம் சுளிக்காது. எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வரும். எதிரே இருப்பவர் கத்தினால் நாமும் பதிலுக்குக் கத்தலாம். அவரிடம் அதற்கும் வழியில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. சிராங்கூன் ரோட்டிலிருந்து ஒரு சந்துக்குள் திரும்பினால் எங்கள் பட்டறை. தீவின் வடக்கிலும் மேற்கிலும் இருந்த கம்பொங்கு கிராமங்களுக்கு அப்போதுதான் மின்சாரம் போய்க்கொண்டிருந்தது. கம்பம் நடும் காண்டிராக்ட் எங்கள் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. நான் பிட்டர். லாரி, ஜீப், சிமெண்டு கலக்கும் இயந்திரம், எது நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்த அம்மா ஸ்டோர் கிராணி, சாமான் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். ஆனாலும் எல்லாரும் கிராணியம்மா என்றுதான் சொல்வோம். ஆள் குள்ளம். உயரமான முக்காலியில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது. கீழே ஒரு மரப்பெட்டியைப் போட்டு அதன்மேல் கால் வைத்திருப்பார். சிமெண்டு மூட்டைக் காகிதத்தைக் கத்தரித்துச் சின்னச் சின்னச் சீட்டுகளாக்கி நூல் கோத்து வைத்திருப்பார். நாங்கள் கொடுக்கும் ஒவ்வொரு பழைய சாமானிலும் ஒரு சீட்டைக் கட்டி, எந்த வண்டி, என்றைக்கு வந்தது, யார் கொண்டுவந்தது என்று எழுதி பிஸ்கட் டின்னில் போடுவார். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேனேஜர் வந்து டின்னைக் கவிழ்த்துப் பார்ப்பார்.

இந்த ஏற்பாட்டுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவருக்கு முன்னால் இருந்த கிராணி, கேட்டவனுக்குக் கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். எங்கள் ஸ்டோரிலிருந்து போன பெல்ட்டும் பேரிங்கும் காகிதம் பிரிக்காமல் சுங்கை ரோடு பழைய சாமான் சந்தையில் விற்பனைக்கு உட்கார்ந்திருந்தன. ஒருமுறை எங்கள் ஆளே போய் அதை வாங்கி வந்தான். அதன் பிறகுதான் மேனேஜர் இந்த அம்மாவைக் கொண்டுவந்தார். வந்த முதல் நாளே பழசுக்குப் புதுசு என்று அவர் சொல்லிவிட்டார். மேனேஜருக்குப் பிடித்துப்போய்விட்டது. அவரிடம் போய் இந்த அம்மாவைப் பற்றி முறையிடுவது வீண் வேலை.

வெளியிலும் அவர் அப்படித்தான் என்று என் மனைவி சொன்னாள். தேக்கா கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் அவளும் இந்த அம்மாவும் ஒரே நேரத்தில் ரவிக்கை வாங்கப் போயிருக்கிறார்கள். தைத்த ரவிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு, வெட்டியதில் மிச்சம் விழுந்த துணி எங்கே என்று இந்த அம்மா கேட்டாராம். தையல்காரர் அது குப்பைக்குப் போய்விட்டது என்றதும் குப்பைக்கூடையைக் காட்டச் சொல்லி, நின்று, தன் துணியின் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டுதான் போனாராம். "அந்தப் பொண்ணுகிட்டயா நீங்க வேலை செய்றீங்க?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாரம்தான் நான் வின்ச்சைப் பிரித்துப் போட்டிருந்தேன்.

வின்ச் என்பது ஜீப்பின் மூக்கில் மாட்டுகிற இழுவை உருளை. இன்ஜினே அதைச் சுற்றும். உருளையில் சுற்றியிருக்கும் கம்பிக்கயிறு சேற்றில் மாட்டிய வண்டியையோ கம்பத்தையோ இழுத்துக் கொடுக்கும். எங்களிடம் வெள்ளைக்கார ராணுவம் ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்று இருந்தது. வின்ச் இல்லை. சதுப்பில் ஒரு கம்பத்தை நகர்த்த இருபது பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. சுங்கை ரோட்டில் கப்பல் சங்கிலிகளுக்கு அடியில் ஒரு பழைய வின்ச் கிடப்பதை நான்தான் பார்த்தேன். மேனேஜரிடம் கெஞ்சி வாங்கவைத்தேன். பட்டறையில் எல்லார் முன்னாலும் இரண்டு வாரத்தில் ஓடவைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்று மாதம் ஆயிற்று.

அதன் நிலைமை அப்படி. கம்பிக்கயிறு துருவேறி ஒரே கட்டியாக உருளையோடு ஒட்டிப் போயிருந்தது. உளி வைத்து வெட்டித்தான் எடுத்தேன். அடியில் இருந்த திருகைக் கழற்றியதும் எண்ணெய் வர வேண்டிய இடத்தில் பால் கலந்த கோப்பி மாதிரி ஒன்று வழிந்தது. தண்ணீர் உள்ளே போய்ப் பல வருஷம் ஆகியிருக்கிறது. உள்ளே இருந்த வெண்கலப் பல்சக்கரம் மட்டும் நல்லவேளையாகத் தப்பித்திருந்தது. உருளையின் தண்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெயில் நான்கு நாள் ஊறப்போட்டு, ஊதுவிளக்கால் சூடு காட்டி, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி ஐந்தாம் நாள் மத்தியானம் ஒரு நூல் அளவு நகர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் மண்ணெண்ணெய் வாங்க ஸ்டோருக்கு ஓடினேன்.

"பழசு?"

மண்ணெண்ணெய்க்கு ஏதும்மா பழசு என்று கேட்டேன். ஊறப்போட்டது இருக்குமே, அதைக் கொண்டுவாருங்கள் என்றார். கறுப்புக் கஷாயமாக இருந்ததை வாளியோடு கொண்டுபோய் வைத்தேன். அதை இரண்டு நாள் அசையாமல் வைத்து, துரு அடியில் தங்கியதும் மேலே தெளிந்ததை இறுத்து ஒரு டின்னில் ஊற்றிக் கொடுத்தார். அதிலேயே கழுவலாம், புதுசு தேவையில்லை என்றார். கழுவ முடிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்தது சீல். தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு எண்ணெய் வெளியே கசியாமல் பார்த்துக்கொள்ளும் வளையம். வாங்கும்போதே ஒரு பக்கத்துச் சீல் அந்த வின்ச்சில் இல்லை. யாரோ முன்பே கழற்றியிருக்கிறான். ஸ்டோரில் போய்ச் சொன்னேன்.

"இல்லாததுக்கு எப்படிண்ணே புதுசு தர்றது?" என்றார்.

வாதாடிப் பார்த்தேன். வாங்கும்போதே இல்லை, மேனேஜரே பார்த்தார், வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர் காகிதம் கத்தரித்துக்கொண்டிருந்தார். மறுநாள் சுங்கை ரோட்டுக்குப் போய், கிழிந்துபோன ஒரு பழைய சீலைப் பொறுக்கி வந்து, சேறு தடவி, கவுண்டரில் வைத்தேன். அவர் அதை விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்தார். "இது லாரி சக்கரத்து சீல் அண்ணே. வின்ச்சுதில்லை" என்று திருப்பித் தள்ளினார். என்னைத் திருடன் என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கூசியிருக்க மாட்டேன்.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சீல் இருக்க வேண்டிய காலி இடத்தை அளந்து, படம் வரைந்து கொண்டுவந்தால் அந்தப் படத்தைப் பழசாக வைத்துக்கொள்வாராம். எனக்குப் படம் வராது. மூன்று நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து வரைந்தேன். அளவுகளை எழுதும்போதுதான் தெரிந்தது, கண்ணால் பார்த்து நான் கேட்கவிருந்த சீல் ஓர் அளவு பெரியது. போட்டிருந்தால் உட்கார்ந்திருக்காது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை. படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா வரைஞ்சிருக்கீங்க" என்று அதற்கும் ஒரு சீட்டு கட்டினார்.

ஜாலான் புசாரில் ஒரு சீனரின் கடைசல் பட்டறையில், தண்டு உள்ளே சுழல்கிற புஷ் என்ற வளையத்தைக் கடைந்து வாங்கினேன். வளைந்திருந்த நெம்புகோலைச் சூடுபோட்டு நிமிர்த்தினேன். புதுக் கம்பிக்கயிறு சுற்றினேன். மூன்றாம் மாதக் கடைசியில் ஜீப்பில் ஏற்றி, பட்டறை வாசலில் நின்ற பழைய லாரியைக் கொக்கியில் மாட்டி, நெம்புகோலைப் போட்டதும் லாரி ஊர்ந்து வந்தது. ஆட்கள் கைதட்டினார்கள். ஜீப் ஓட்டுநர் காசிம் பாய், என்னைவிட மூத்தவர், இருபது வருஷமாக ஸ்டியரிங் பிடித்தவர், இறங்கி வந்து என் தோளைத் தட்டினார். ஸ்டோர் பக்கம் பார்த்தேன். கிராணியம்மா கம்பிவலைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

அன்றோடு என் தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். 'பின்' என்று ஒரு சாமான் இருந்ததை மறந்துவிட்டேன்.

இன்ஜினிலிருந்து வரும் தண்டும் வின்ச்சின் தண்டும் சேருகிற இடத்தில், சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு பின் குறுக்கே போகும். வேண்டுமென்றே மெத்தென்ற இரும்பில் செய்வது. தாங்க முடியாத பாரம் வந்தால் முதலில் அந்தப் பின் உடைந்து இழுவை நின்றுவிடும். கயிறும் ஆளும் தப்பிப்பார்கள். உடைந்த துண்டைத் தட்டி எடுத்துவிட்டு வேறு பின் போட்டால் வேலை தொடரும். சுலபமான ஏற்பாடு. ஆனால் எங்களுக்குக் கம்பம் நட வேண்டியிருந்த இடம் மார்சிலிங் பக்கம். அப்போது அங்கே அடுக்குமாடி ஏது, ரப்பர் மரமும் உப்பங்கழிச் சேறும்தான். ஒரு கம்பத்துக்கு ஒரு பின் உடைந்தது.

பின்களை ஜாலான் புசாரில் கடைந்து வாங்கி வந்தவன் நான். ஸ்டோரில் வைத்த நிமிஷத்திலிருந்து அவை அவருடையவை. ஒருமுறைக்கு ஒன்றுதான் தருவார். ஐந்தாறு பின்னை ஜீப்பிலேயே வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். உடையாததற்கு எப்படிப் புதுசு தருவது என்றார். மார்சிலிங்கில் காலை பத்து மணிக்குப் பின் உடைந்தால் பதினைந்து மைல் திரும்பி வந்து அதை வாங்கிக்கொண்டு போவதற்குள் பாதி நாள் போய்விடும்.

அதோடு விட்டாரா. பின் உடைந்தால் மூன்று துண்டாகும். நடுத்துண்டு தண்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டு முனைகளும் பட்டாணி அளவில் தெறித்து விழும். நான் நடுத்துண்டைத்தான் கொண்டுபோனேன்.

"மிச்சம் எங்கண்ணே?"

"சேத்துல விழுந்துடுச்சும்மா."

"மூணு துண்டும் வேணும்" என்றார். ஒரே பின்னைத் துண்டு துண்டாகக் கொண்டுபோய் மூன்று தடவை புதுசு வாங்க முடியும் அல்லவா, அதனால்தானாம். கணக்கு சரிதான். ஆனால் முழங்கால் சேற்றில் நின்று பட்டாணி தேடுபவன் நான். அந்த ஒருமுறை மட்டும் கொடுத்தார். அடுத்த தடவையிலிருந்து நானும் காசிம் பாயும் ஜீப்பின் மூக்குக்கு அடியில் குப்புறப் படுத்துச் சேற்றைச் சல்லடையில் அலசினோம். வேலையாட்கள் கம்பத்தின்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்தபடி எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மழை வேறு. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, வின்ச் இல்லாமலே இதைவிட வேகமாக நட்டார்களே என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்குத் தைத்துவிட்டது. நான் வாங்கவைத்த வின்ச் அது. மூன்று மாதம் என் கைத்தோல் உரிந்த வின்ச்.

மறுநாள் காலை ஒரு பழைய இன்ஜினிலிருந்து கழற்றி வைத்திருந்த கெட்டிப் போல்ட் ஒன்றை எடுத்தேன். அந்த ஓட்டைக்குள் அளவெடுத்த மாதிரி போயிற்று. நட்டு போட்டு முடுக்கினேன். இது உடையாது. உடையாவிட்டால் ஸ்டோருக்குப் போக வேண்டியதில்லை.

மூன்று வாரம் நான் அந்தக் கவுண்டர் பக்கமே போகவில்லை. கம்பங்கள் மளமளவென்று எழுந்தன. என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக வேலை செய்த மூன்று வாரம் வேறு கிடையாது. இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

நான்காம் வாரம், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, ஒரு கம்பம் சரிந்து கழிக்குள் பாதி புதைந்துவிட்டது. காசிம் பாய் ஜீப்பில் உட்கார்ந்திருந்தார். முன்கண்ணாடி மடித்துவிடப்பட்டிருந்தது. நான் பக்கவாட்டில் நின்று கையசைத்தேன். கயிறு விறைத்தது. ஜீப்பின் மூக்கு தாழ்ந்து முன்சக்கரங்கள் இறங்கின. இன்ஜின் முனகியது. போல்ட்டுக்குப் பதில் பின் இருந்திருந்தால் அந்த நேரத்தில் டக்கென்று உடைந்திருக்கும். நான் இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினேன். பிறகு வேட்டுப் போட்ட மாதிரி ஒரு சத்தம். அறுந்த கயிறு எப்படித் திரும்பி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை. காசிம் பாய் இருக்கையில் இடது பக்கமாகச் சாய்ந்து கிடந்தார். அவருடைய வலது கை தோளுக்குக் கீழே மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது.

அவரை லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜீப்புக்குக் காவலாக நான் நின்றேன். எல்லாரும் போனதும் குனிந்து, நட்டைக் கழற்றி, அந்தப் போல்ட்டைத் தட்டி எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

யார் தப்பு என்று மேனேஜர் கேட்டார். அவருக்குக் கிடைத்த பதில், ஓட்டுநர் அளவு தெரியாமல் இழுத்துவிட்டார் என்பது. அதை நான் சொல்லவில்லை. யாரோ சொன்னார்கள், நான் மறுக்கவில்லை. காசிம் பாயை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் தட்டச்சாகி மேனேஜரின் மேசையில் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டு நாள் அந்தப் போல்ட் என் பையிலேயே இருந்தது. எங்கே எறிவது என்று தெரியவில்லை. எறிய முடியவும் இல்லை.

மூன்றாம் நாள் வின்ச்சை மறுபடி தயார் செய்யச் சொன்னார்கள். அறுந்த கயிற்றின் இரண்டு முனைகளையும் எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். கிராணியம்மா இரண்டையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, சீட்டு கட்டி, புதுக் கயிற்றுச் சுருளை எடுத்து வைத்தார். நான் அதைத் தூக்கப் போனேன்.

"பின் வேணுமா, வேண்டாமா?" என்றார்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஜாலான் புசார் பக்கத்தில்தான் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் ஒன்று கடைந்து வாங்கியிருக்கலாம். சேற்றில் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், ஒருமுறை அதற்கு அவர் ஒப்புக்கொண்டவர்தான். இதெல்லாம் எனக்கு அந்த நேரத்திலேயே தோன்றியது.

"வேணும்" என்றேன்.

"பழசு?"

போல்ட்டை எடுத்துக் கவுண்டரில் வைத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். எங்கும் வெட்டுப்படவில்லை. நடுவில் மட்டும் லேசாக வளைந்திருந்தது.

"இது பின் இல்லையேண்ணே."

"இல்லம்மா."

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

அவர் ஒரு சீட்டை எடுத்துக் கட்டினார். வண்டி எண்ணையும் தேதியையும் எழுதினார். பிறகு பென்சிலைக் கம்பிவலை இடைவெளி வழியாக என் பக்கம் நீட்டினார். பெயரை நானே எழுத வேண்டுமாம். கிரீஸ் கையால் எழுதினேன். அதை டின்னில் போட்டுவிட்டு, ஒரு புதுப் பின்னை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மேனேஜர் அஞ்சு மணிக்கு டின்னைப் பாக்க வருவாரு. இப்ப நாலேகால்" என்றார்.

அவர் வருவதற்கு முன்னால் நானே போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஹொக்கியன் சீனத்தில் திட்ட ஆரம்பித்து மலாயில் முடித்தார். காசிம் பாயின் கடிதத்தை என் கண்முன்னேயே கிழித்தார். அதற்கு மேல் என்னைப் பார்க்க அவருக்குப் பிடிக்கவில்லை. வெளியிலிருந்து வேறொரு பிட்டரைக் கொண்டுவந்தார்கள். எனக்குக் கழுவவும் துடைக்கவும் சாமான் எடுத்துக் கொடுக்கவும் வேலை. நான் துருவிலிருந்து எடுத்த வின்ச்சில் இன்னொருவர் நெம்புகோல் பிடிக்க, கம்பிக்கயிற்றுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன்.

காசிம் பாய்க்குக் கை கூட நான்கு மாதம் ஆயிற்று. வேலைக்குத் திரும்பினார். ஆனால் அந்தக் கை தோளுக்கு மேல் போகவில்லை. லாரிக்குள் ஏற இடது கையால் இழுத்துக்கொண்டு ஏறுவார். அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நானும் பாத்தேன்லா தம்பி, பின் உடையலையேன்னு. எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு" என்றார். அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அதை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

என் கோபமெல்லாம் கிராணியம்மாவின் மேல்தான் திரும்பியது. புதுப் பிட்டர் கேட்டனுப்பும் சாமானுக்காகத் தினமும் நான்கைந்து தடவை அவர் முன்னால் போய் நின்றேன். பழசைக் கொடுத்தேன், புதுசை வாங்கினேன். அவர் அந்தப் போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, முகம் மாறவும் இல்லை. பட்டாணித் துண்டுக்காக என்னைச் சேற்றில் புரட்டாமல் இருந்திருந்தால் நான் ஏன் அந்தப் போல்ட்டைப் போடப் போகிறேன் என்று மனத்துக்குள் தினமும் ஒரு தடவையாவது அவரிடம் கேட்டேன். நேரில் கேட்க ஒரு நாள் வரும் என்று வைத்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து அந்த நாள் வந்தது. அவருக்கு ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து ஸ்டோரில் வேலை கிடைத்துவிட்டது. கடைசி நாள் மத்தியானம் மேனேஜர் கறிபாப் பலகாரமும் ஆரஞ்சுத் தண்ணியும் வாங்கி வைத்தார். எல்லாரும் தின்றுவிட்டுக் கலைந்தார்கள். அவர் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனேன். கேட்க வைத்திருந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் வேறொன்றைக் கேட்டேன்.

"அன்னிக்கு நான் பின்னுக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமாம்மா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும் அண்ணே" என்றார். "வாரத்துக்கு நாலு தடவை பின்னுக்கு வந்தவரு மூணு வாரமா வரலை. ஜீப் மட்டும் தினம் சேத்தோட வந்து நின்னுச்சு. ஏதோ மாத்திப் போட்டுட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கலை?" என்றேன்.

அவர் நூலை முடிச்சுப் போடுவதை நிறுத்தினார். "சாமான் கேட்டு வர்றவங்களைக் கேக்கறதுதான் என் வேலைன்னு உக்காந்திருந்தேன். வராதவரைப் போய்க் கேக்க வேண்டாம்னு. நான் எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாய் கை உடைஞ்சிருக்காது." அவர் அழவில்லை. சீட்டில் எழுதும்போது இருக்கும் அதே முகம்தான். "அந்த மூணு துண்டும் நான் கேட்டிருக்கக் கூடாது. சேத்துல எப்படிக் கிடைக்கும்."

எட்டு மாதமாக நான் அவருக்காகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு அது. அதை அவரே எடுத்துச் சொல்லிவிட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அப்படி இல்லம்மா, போட்டது நான்தானே" என்றேன். அதற்கு அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

"ஆமாண்ணே, நீங்கதான் போட்டீங்க" என்றார். "நான் என் பங்கைத்தான் சொன்னேன்."

வழியனுப்பும் நேரத்தில்கூட ஒருவர் இப்படியா பேசுவார் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் அவருடைய அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டு பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். பஸ் வர நேரமாயிற்று. அதுவரை இருவரும் அங்கேயே நின்றிருந்தோம்.